39 நிற்குமா, 32 ஆகுமா? சீட் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

தொகுதி மறுவரையறை (மக்கள்தொகையை வைத்து எந்த மாநிலத்துக்கு எத்தனை மக்களவை சீட் என்று மறுபடி பிரிப்பது) என்று யாராவது பேச்செடுத்தால் எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து டீக்கடைகளில் அது இரண்டாவது நிமிடமே கட்சிச் சண்டையாகிவிடும். ஒருத்தர் "ஒரு சீட்கூடக் குறையாது" என்பார், இன்னொருத்தர் "ஏழெட்டு சீட் போச்சு" என்பார், இரண்டு பேருமே பேப்பரில் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். சண்டையை நிறுத்துவது என் வேலை இல்லை, சண்டை போடுகிறவர் கையில் ஒரு கணக்குத்தாள் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன், அவ்வளவுதான். ஒரு பேனா, வெள்ளைத்தாள், வர்க்கமூலக் குறி இருக்கிற போன் கால்குலேட்டர் (போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் பெரும்பாலும் அந்தக் குறி வந்துவிடும்) இருந்தால் போதும். ஒரு பெரிய ஒன்றியத்துக்குள் இருக்கிற சின்னத் தேசிய இனத்துக்கு நாடாளுமன்றத்தில் எத்தனை இடம் நியாயம் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். படிப்பகத்திலோ கேரம் கிளப்பிலோ நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விடை நீங்கள் எதிர்பார்த்தபடி வராமல் போகலாம். முக்கியமாக, "ஐரோப்பாவில் சின்ன நாட்டுக்குக் கூடுதல் சீட் கொடுக்கிறார்கள், அதை இங்கே கொண்டுவந்தால் நமக்குத் தீர்வு" என்று நம்பி உட்காருகிறவர்களுக்கு.

எண்ணிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு பங்கைப் பாருங்கள்

தாளின் மேலே முதலில் எழுத வேண்டியது 39 இல்லை, 7.18. மக்களவையில் 543 சீட், அதில் தமிழ்நாட்டுக்கு 39, அதாவது நூற்றுக்கு 7.18. அவையில் இருக்கிற மொத்த நாற்காலியைக் கூட்டிவிட்டால் உங்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்போது பங்கு இறங்கிவிடும், அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுகிறவரிடம் உஷாராக இருக்க வேண்டும்.

போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியா 121.08 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி, அதாவது 5.96 சதவீதம். அவையை 800 ஆக்கி, நேரடியாக மக்கள்தொகைப்படி பிரித்தால் தமிழ்நாட்டுக்கு 48 வரும். ஒன்பது சீட் லாபம் போலத் தெரியும். உத்தரப்பிரதேசம் 19.98 கோடி, 16.5 சதவீதம், 800இல் 132. இன்றைக்கு அவர்களுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி 41 சீட், அப்போது 84. "ஒரு சீட்கூடக் குறையாது" என்ற வாக்குறுதி எழுத்துக்கு எழுத்து நிறைவேறியிருக்கும், ஆனால் ஓட்டெடுப்பில் உங்கள் எடை 7.18இலிருந்து 6 ஆகியிருக்கும். ஆகவே யார் வாக்குறுதி கொடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நூற்றுக்கு எவ்வளவு?

நேர்க் கணக்கு

அவையை 543ஆகவே வைத்துக்கொண்டு மொத்த மக்கள்தொகையை 543ஆல் வகுங்கள். ஒரு சீட்டுக்கு 22.3 லட்சம் பேர் வரும். ஒவ்வொரு மாநிலத்தின் மக்கள்தொகையையும் அந்த 22.3 லட்சத்தால் வகுத்தால்: தமிழ்நாடு 32, கேரளா 15 (இன்று 20), உத்தரப்பிரதேசம் 90 (இன்று 80), பீகார் 47 (இன்று 40). சின்ன மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் குறைந்தது ஒரு சீட் கொடுத்தாக வேண்டும் என்பதால் நிஜத்தில் ஒன்றிரண்டு இப்படி அப்படி மாறும், புதிய கணக்கெடுப்பு வந்தால் இன்னும் மாறும், ஆனால் திசை இதுதான்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், மற்ற மாநிலங்களையும் போடுங்கள். ஒடிசா 21இலிருந்து 19, பஞ்சாப் 13இலிருந்து 12, மேற்கு வங்கம் 42இலிருந்து 41, இமாச்சலம் 4இலிருந்து 3. நம் ஊரில் இதை எப்போதும் வடக்கு தெற்கு என்றே பேசிப் பழகிவிட்டோம், தாளில் பார்த்தால் இழக்கிறவர்கள் பட்டியல் அப்படி இல்லை. இந்த நாலு பெயரையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

பின்னம் வந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். அரைக்கு மேல் இருந்தால் மேலே, கீழே இருந்தால் கீழே, நமக்கு அது போதும். ஆனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்: அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதி ஒரு மசோதாவை முதன்முதலாகத் திருப்பி அனுப்பியது 1792இல், வாஷிங்டன், சீட்டைப் பிரிக்கும்போது பின்னத்தை எப்படிக் கையாள்வது என்ற தகராறில்தான்.

பழைய கணக்கோடு ஒப்பிடும்போது ஒரு பள்ளம்

1971ஐயும் 2011ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும், பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் இன்றைய மாநிலப் பங்கு 1971 கணக்கெடுப்பில்தான் உறைந்து நிற்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அரசியல் சாசனத்தின் 42ஆவது திருத்தம் அதை 2000 வரை நிறுத்தியது. 2001இல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பு வரைக்கும் தள்ளியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகத் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்பதுதான் காரணம். அதற்கு முன்பே ஒரு தடவை நாம் இழந்திருக்கிறோம்: 1962 தேர்தலில் தமிழ்நாட்டுக்கு 41 சீட், 1967இல் 39.

பள்ளம் எங்கே என்றால், 1971இல் உத்தரகண்ட் உத்தரப்பிரதேசத்துக்குள் இருந்தது, ஜார்கண்ட் பீகாருக்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பாகும். சேர்த்துப் பார்த்தால் பழைய உ.பி. 16.1 சதவீதத்திலிருந்து 17.3 ஆகியிருக்கிறது, பழைய பீகார் 10.3இலிருந்து 11.3. தமிழ்நாடு 7.5இலிருந்து 5.96, கேரளா 3.9இலிருந்து 2.8. வாட்ஸாப்பில் சுற்றுகிற படங்கள் சொல்கிற அளவுக்கு உ.பி. பூதாகரமாக வீங்கவில்லை, நாம்தான் நிறைய இறங்கியிருக்கிறோம். எதிராளி இதைச் சொல்லி மடக்குவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

எதிர் நாற்காலியில் ஒரு பத்து நிமிடம்

நாலைந்து பேர் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். தமிழ்நாடு, உத்தரப்பிரதேசம், கேரளா, சிக்கிம், பீகார் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கிப்போடுங்கள். எது வருகிறதோ அந்த மாநிலத்துக்காகத்தான் பேச வேண்டும், சொந்தக் கருத்து வெளியே. உ.பி. சீட்டு வந்தவர் என்ன சொல்வார்? "உங்க ஊர் எம்.பி. 18.5 லட்சம் பேருக்கு ஒருத்தர். எங்க ஊர்ல 25 லட்சம் பேருக்கு ஒருத்தர். என் ஓட்டுக்கு மட்டும் ஏன் மதிப்பு கம்மி?" இதற்குக் கூச்சலைத் தவிர வேறு பதில் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அரசியல் சாசனத்தின் 81ஆவது பிரிவே, முடிந்தவரை எல்லா மாநிலத்துக்கும் மக்கள்தொகைக்கும் சீட்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அவர் கேட்பது அநியாயமில்லை.

வடசென்னைக்காரனுக்கு இது நன்றாகப் புரிய வேண்டும், ஏனென்றால் நாம் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர்கள். 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது திருவொற்றியூர், மணலி, மாதவரம், தெற்கிலும் மேற்கிலும் இன்னும் பல ஊர்கள் எல்லாம் உள்ளே வந்தன. 155 வார்டு இருந்த பழைய நகரம் 107ஆகச் சுருங்கியது, புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு 93. பழைய நகரத்தில் 46 லட்சம் பேர், புதுப் பகுதியில் ஏறத்தாழ 20 லட்சம். வகுத்துப் பாருங்கள்: ராயபுரத்தில் இருப்பவருக்குச் சராசரியாக 43,000 பேருக்கு ஒரு கவுன்சிலர், மணலியில் இருப்பவருக்கு 22,000க்கும் குறைவு. அந்தக் கணக்கில் தண்டையார்பேட்டைதான் உத்தரப்பிரதேசம். எண்ணூர் ஆற்றங்கரைக்காரர், "எங்க பக்கம்தான் அனல் மின்நிலையம், எங்க பக்கம்தான் சாம்பல், சொந்த நகராட்சியையும் கலைச்சுட்டீங்க, ஒரு கவுன்சிலராவது கூடக் கொடுங்க" என்று கேட்டால் அதுவும் நியாயம்தானே. தலைக்கு இவ்வளவு என்பது ஒரு நியாயம், சேர்ந்து வந்தவரின் குரல் அமுங்கிப்போகக் கூடாது என்பது இன்னொரு நியாயம். ஒன்றைச் சொல்லி மற்றதை அடித்துவிட முடியாது.

இந்த இடத்தில் யாராவது "நாம வரி அதிகம் கட்றோம், அதனால சீட்டும் அதிகம் வேணும்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த வழியில் போகாதீர்கள். வரி கட்டுகிற அளவுக்குத்தான் குரல் என்றால் போட் கிளப் ரோட்டுக்கும் காசிமேட்டுக்கும் ஒரே ஓட்டு எதற்கு? 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபோது இந்தப் பேரம் நடந்தது, தலையை எண்ணுவதா வரியை எண்ணுவதா என்று. நடுவில் எங்கேயோ வந்து 558 பேர் அவையில் 45 என்று முடித்தார்கள். தலையை எண்ணியிருந்தால் அவர்களுக்கு இன்னும் கூடக் கிடைத்திருக்கும்.

ஐரோப்பியச் சூத்திரத்தை நம் மேல் போட்டுப் பாருங்கள்

இதுதான் முக்கியமான வேலை, நிதானமாகச் செய்யுங்கள்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 720 பேர். எந்த நாட்டுக்கும் 6க்குக் குறையாது, 96க்கு மேல் போகாது. ஆள் கூடக் கூட சீட்டும் கூடும், ஆனால் கூடுகிற வேகம் குறைந்துகொண்டே வரும். ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. ஜெர்மனியில் ஒரு உறுப்பினருக்கு எட்டரை லட்சத்துக்கும் மேல், மால்டாவில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அங்கே சீட்களைப் பேரம் பேசித்தான் பிரிக்கிறார்கள், அதை ஒழுங்காக ஒரு சூத்திரமாக்கலாம் என்று கணிதக்காரர்கள் 2011இல் கேம்பிரிட்ஜில் கூடி ஒரு யோசனை சொன்னார்கள்: எல்லோருக்கும் முதலில் ஐந்து ஐந்து கொடு, மிச்சத்தை மக்கள்தொகைப்படி பிரி.

நமக்குப் போடுவோம். யூனியன் பிரதேசங்களின் 19 சீட்டைத் தொட வேண்டாம். மிச்சம் 524. 28 மாநிலத்துக்கு ஐந்து ஐந்து என்றால் 140. பாக்கி 384. மாநிலங்களின் மொத்த மக்கள்தொகை 117.8 கோடி, அதை 384ஆல் வகுத்தால் சீட்டுக்கு 30.7 லட்சம். தமிழ்நாடு: 721 லட்சத்தை 30.7ஆல் வகுத்தால் 23.5, அதோடு அந்த ஐந்து, 28.5.

மறுபடி பாருங்கள். நேர்க் கணக்கில் 32 வந்தது. சின்னவர்களைக் காப்பாற்றுகிற சூத்திரத்தில் 28 அல்லது 29. குறைந்துவிட்டது. கேரளாவுக்கு 16, ஒன்று கூடியிருக்கிறது. சிக்கிமுக்கு 5. உ.பி.க்கு 70.

காரணம் எளிது, தமிழ்நாடு சின்ன மாநிலம் இல்லை. இன்றைய எல்லைகளை வைத்து 2011 கணக்கில் ஆறாவது பெரியது. மாநிலச் சராசரி 4.2 கோடி, நாம் 7.2 கோடி. நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் ஐரோப்பிய ஒன்றியத்தில் வைத்தால் ஜெர்மனிக்கு அடுத்த இடம், பிரான்ஸ்கூட நமக்குக் கீழே. அங்கே சலுகை கொடுக்கிறவர் பட்டியலில் இருப்போமே தவிர வாங்குகிறவர் பட்டியலில் இல்லை. மேடையில் ஐரோப்பாவை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த வகுத்தலை ஒரு தடவை செய்திருந்தால் வேறு உதாரணம் தேடியிருப்பார்கள்.

அடுத்து வர்க்கமூலம். லயனல் பென்ரோஸ் என்பவர் 1946இல் சொன்ன யோசனை: ஒரு நாட்டின் ஓட்டு எடை அதன் மக்கள்தொகையின் வர்க்கமூலத்துக்குச் சமமான விகிதத்தில் இருக்கட்டும். கோடியில் எடுத்தால் தமிழ்நாட்டுக்கு 2.69, உ.பி.க்கு 4.47. 28 மாநிலத்துக்கும் போட்டுக் கூட்டினால் 48.7 வரும் (இதை ஆளுக்கு ஏழு மாநிலமாகப் பிரித்துக்கொண்டால் சீக்கிரம் முடியும்). 524ஐ 48.7ஆல் வகுத்தால் 10.76, அதை ஒவ்வொரு வர்க்கமூலத்தோடும் பெருக்குங்கள். தமிழ்நாடு 29, கேரளா 20, பீகார் 35, உ.பி. 48. நம் எண்ணிக்கை 39இலிருந்து 29, ஆனால் உ.பி.க்கும் நமக்கும் இடைவெளி 41இலிருந்து 19. சீட் குறைந்து, பெரியவரோடு ஒப்பிடும்போது பலம் கூடுகிறது. இதைக் கூட்டத்தில் சொன்னால் கால்வாசிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்களோடு பேசுங்கள்.

இந்த இரண்டு சூத்திரத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பிரிந்தால் லாபம். உ.பி.யை நாலாக உடைத்தால் (2011 நவம்பரில் அந்த மாநிலச் சட்டமன்றமே அப்படித் தீர்மானம் போட்டது) தலா 5 கோடி, வர்க்கமூலம் 2.24, நாலுக்கும் சேர்த்து 8.94. ஒன்றாக இருந்தபோது 4.47. இரண்டு மடங்கு. ஐரோப்பாவில் ஒரு உறுப்பு நாட்டை பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஒன்றியத் தலைமை உட்கார்ந்து வெட்ட முடியாது. இங்கே அரசியல் சாசனத்தின் 3ஆவது பிரிவின்படி சாதாரணப் பெரும்பான்மையில் நாடாளுமன்றம் எந்த மாநிலத்தையும் பிரிக்கலாம், மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அது சம்மதிக்க வேண்டும் என்றில்லை, ஆந்திரா 2014இல் பார்த்தது அதுதான். எல்லைக்கோடு எதிராளி கையில் இருக்கும்போது எல்லையை வைத்துப் போடுகிற சூத்திரம் உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

மேலவையைச் சீக்கிரமாக

மாநிலங்களவையில் நமக்கு 18, உ.பி.க்கு 31. தேர்ந்தெடுக்கப்படுகிற 233இல் நம் பங்கு 7.7 சதவீதம், மக்களவையைவிட நல்லது. காரணம், முதல் 50 லட்சத்துக்குப் பத்து லட்சத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அது அமைந்தது, நமக்கே சொந்தமான ஒரு ஐரோப்பியச் சூத்திரம் ஐரோப்பாவுக்கு முன்பே இருந்திருக்கிறது. ஆனால் பண மசோதாவில் அந்த அவைக்குப் பிடி இல்லை, 2003க்குப் பிறகு, தேர்ந்தெடுக்கப்படுகிறவர் அந்த மாநிலத்தில் வசிக்கிறவராக இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. அமெரிக்க செனட் மாதிரி, 5.8 லட்சம் பேர் இருக்கிற வயோமிங்குக்கும் 3.95 கோடி பேர் இருக்கிற கலிஃபோர்னியாவுக்கும் ஆளுக்கு இரண்டு என்பதை இங்கே கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம், நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

கடைசியாகப் பூட்டைச் சோதியுங்கள்

எந்தச் சூத்திரம் பிடித்திருந்தாலும், அதை யார் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்ற கேள்விதான் என் கணக்கில் பெரிது. சீட் எத்தனை என்பதைவிடப் பெரிது.

பிரிட்டனைப் பாருங்கள். 650 பேர் அவையில் இங்கிலாந்துக்கு மட்டும் 543 (நம் மொத்த மக்களவை எண்ணிக்கைதான், தற்செயல்), ஸ்காட்லாந்துக்கு 57, வேல்ஸுக்கு 32, வட அயர்லாந்துக்கு 18. ஸ்காட்லாந்துக்கு 71க்குக் குறையக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது, தனி நாடாளுமன்றம் கொடுத்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள், 2005இல் 72இலிருந்து 59 ஆனது. வேல்ஸுக்கு 35க்குக் குறையாது என்று 1986இல் எழுதியிருந்தது, அதுவும் போனது, 2024 தேர்தலில் 40இலிருந்து 32. எல்லாம் சாதாரணச் சட்டம், சாதாரணப் பெரும்பான்மை. பூட்டு பெரியவர் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது.

கனடாவில் வேறு மாதிரி. பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணத்தில் 2021 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சம் பேரைச் சுற்றித்தான், ஆனால் நாலு எம்.பி., ஏனென்றால் எந்த மாகாணத்துக்கும் அதன் செனட்டர்களைவிடக் குறைவாக எம்.பி. இருக்கக் கூடாது என்று 1915இல் எழுதினார்கள், அதை மாற்ற எல்லா மாகாணமும் சம்மதிக்க வேண்டும். கியூபெக் ஒரு சீட் இழக்கிற நிலை 2021இல் வந்தபோது, இருப்பதற்குக் கீழே யாரும் போகக் கூடாது என்று 2022இல் சட்டம் போட்டு 78ஐ நிறுத்தினார்கள். உதாரணம் காட்ட வேண்டும் என்றால் நமக்குப் பொருந்துவது கியூபெக்தான், ஐரோப்பா இல்லை: பெரிய மாகாணம், தனி மொழி, பங்கு இறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் கவனியுங்கள், கியூபெக்கில் காப்பாற்றப்பட்டது எண்ணிக்கைதான், பங்கு இல்லை.

நம் பூட்டு எப்படி என்றால், 84ஆவது திருத்தம் எழுதியபடி அது தானாகத் திறக்கிற பூட்டு. யாரும் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தாலே போதும், கணக்கெடுப்பு விவரம் வெளியானதும் உறைநிலை தீர்ந்துவிடும். கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில் அறிவித்தாயிற்று. நீட்டிக்க வேண்டும் என்பவர்தான் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டைத் தேட வேண்டும். அதேபோல அவையை 550க்கு மேல் பெருக்க வேண்டும் என்றாலும் திருத்தம் வேண்டும், பேரம் பேச இடம் அங்கே இருக்கிறது. 543 பேரும் ஓட்டுப் போட்டால் தடுக்க 182 வேண்டும். தென் மாநிலங்கள் ஐந்தும் சேர்ந்து 129. மேற்கு வங்கத்தைச் சேர்த்தால் 171, பஞ்சாபையும் சேர்த்தால் 184. ஓரத்தில் குறித்த பெயர்கள் இதற்குத்தான். ஆனால் எம்.பி.க்கள் மாநிலமாக ஓட்டுப் போடுவதில்லை, கட்சிக் கொறடா சொன்னபடி போடுகிறார்கள், கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது, ஆகவே இந்தக் கூட்டலை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு வாசல் அரசியல் சாசனத்தின் 368ஆவது பிரிவில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தை மாற்றுகிற திருத்தத்துக்குக் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் தர வேண்டும். அங்கே மட்டும் சிக்கிமும் உ.பி.யும் ஒன்றுக்கு ஒன்று. 15 மாநிலம் மறுத்தால் நிற்கும். சென்னையில் எத்தனை கூட்டம் போட்டோம் என்பதைவிட புவனேஸ்வரிலும் சண்டிகரிலும் சிம்லாவிலும் யாரிடம் பேசினோம் என்று நம் கட்சிக்காரர்களைக் கேளுங்கள்.

தெருவில் செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பு ஆள் வரும்போது ஒரு வீடும் விடுபடக் கூடாது. எங்கே வழக்கமாக வசிக்கிறீர்களோ அங்கேதான் உங்களை எண்ணுவார்கள். மணலி, மாதவரம் கம்பெனிகளில் வேலை செய்கிற பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் இங்கேயே தங்கியிருந்தால் தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வர வேண்டும், லைன் வீடுகளிலும் ஷெட்டிலும் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் என்று எழுதிவிட்டுப் போனால் நஷ்டம் நமக்கு. "வடக்கத்தியான் வந்துட்டான்" என்று முறைக்கிற அண்ணன்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். காசிமேட்டில் கடலுக்குப் போனவர்கள் பெயரையும் வீட்டிலிருப்பவர்கள் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம், மாநிலத்துக்கு எத்தனை என்பது முடிந்தபின் உள்ளே கோடு போடுவார்கள். வடசென்னை மக்களவைத் தொகுதி இன்று திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள். 2008க்கு முன் துறைமுகம் தொகுதியும் இதில் இருந்தது, மறுவரையறையில் மத்திய சென்னைக்குப் போய்விட்டது. மறுவரையறை ஆணையம் வரைவை அரசிதழில் போட்டு ஆட்சேபணை கேட்கும், பொதுக்கூட்டமும் நடத்தும். ஆணையத்தோடு உடன் உட்காருகிற எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, கடைசி ஆணை வந்துவிட்டால் நாடாளுமன்றமே அதைத் திருத்த முடியாது, அதனால் பேச வேண்டியதெல்லாம் வரைவு நிலையிலேயே பேசியாக வேண்டும். "எங்கள் பகுதியைப் பிரிக்காதீர்கள்" என்று பொதுவாக எழுதாமல், பக்கிங்ஹாம் கால்வாய், கொருக்குப்பேட்டை ரயில் பாதை, ஓட்டேரி நல்லா கால்வாய் என்று கண்ணுக்குத் தெரிகிற எல்லையைச் சொல்லி, வார்டு எண், தெருப் பெயர், அந்தந்த வார்டின் மக்கள்தொகை மூன்றையும் போட்டு, மாற்று எல்லை எங்கே போகலாம் என்று நீங்களே கோடு போட்ட வரைபடத்தையும் சேர்த்து, அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது அதன் நகலைக் கையில் வைத்திருங்கள்.